எங்கே வலிக்கிறது?

பிழைப்பை நாடி வடக்கே வந்து குடியேறிய நாம், வந்த சில மாதங்களுக்குள்ளேயே கறிகாய்க்காரனோடு பேரம் பேசுமளவுக்கு ஹிந்தியைக் கற்றுக்கொண்டு விடுகிறோம். ஆபீசுக்கு ஆங்கிலம், பஸ்ஸுக்கும் பால் பூத்துக்கும் ஹிந்தி, வீட்டுக்குத் தமிழ் என்று வகுத்துக்கொண்டு காலத்தை ஓட்டவும் பழகிவிடுகிறோம். ஆனால் நோவு என்று ஒன்று வந்துவிட்டால் இந்த ஏற்பாடெல்லாம் குலைந்து போகிறது. நடு இரவில் காய்ச்சலில் பிதற்றுகிறவன் தாய்மொழியில்தான் பிதற்றுகிறான். 1974 முதல் தில்லியில் வசித்து வரும் எனக்கு ஹிந்தியில் கனவுகூட வருவதுண்டு. பல்வலி மட்டும் இன்றைக்கும் தமிழில்தான் வருகிறது.

என் பேத்தி பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவளுடைய பாடப் புத்தகத்தை அவள் பள்ளிக்குப் போன பிறகு நான் எடுத்து வைத்துக்கொண்டு படித்து வருகிறேன். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமல்லவா? படிக்கப் படிக்க ஓர் எண்ணம் எனக்குள் வலுத்து வருகிறது. உடம்பின் உள்ளே எது எங்கே இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்னும் இந்த ஆரம்பப் பாடம் டாக்டராகப் போகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு நம்மைப் போன்ற குடும்பங்களுக்கும் வேண்டும். ஊரிலிருந்து வயதான தாய் தந்தையரை அழைத்து வந்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு ஹிந்தி தெரியாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இடையில் நின்று அவர்களுடைய வலியை மொழிபெயர்க்க வேண்டியவர்கள் நாம்.

அது எளிய வேலை என்று நினைப்பவர்கள் 'நெஞ்சு' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பார்க்கட்டும். நெஞ்சு எரிகிறது என்றால், இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயின் அடிப்பாகத்தில் மேலேறி வருகிறது என்று பொருள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றால் மூச்சுக்குழல்களைச் சொல்கிறோம். நெஞ்சு படபடக்கிறது என்றால் அது இருதயம். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று ஒருவனைச் சொன்னால் அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது. இப்படி உணவுக்குழாய், மூச்சுக்குழல், இருதயம், மனம் ஆகிய நான்குக்கும் பாட்டிமார் வாயில் ஒரே பெயர்! கால் என்றால் தொடையின் மேல்முனை முதல் கட்டைவிரல் நுனி வரையில் எல்லாம் கால். ஹிந்திக்காரர் பாதத்துக்குப் 'பைர்' என்றும் முழுக்காலுக்கு 'டாங்' என்றும் பிரித்துச் சொல்வார். வயிற்றெரிச்சலோ, அடுத்த வீட்டுக்காரர் புதிய கார் வாங்கினாலும் வந்துவிடுகிறது.

இடத்தைச் சொல்வதில் நம் பேச்சுத் தமிழ் இவ்வளவு தாராளமாக இருந்தாலும், வலியின் குணத்தைச் சொல்வதில் அதைப்போல் நுட்பமானதொன்றை நான் கண்டதில்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, பிசைகிறது, எரிகிறது, அமுக்குகிறது, இழுக்கிறது, உளைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று எத்தனை வகை! இவை ஒவ்வொன்றும் உள்ளே நடப்பது இன்னதென்பதற்கு ஓர் அடையாளம். வயிறு பிசைகிறது என்றால், குடலைச் சுற்றியுள்ள தசை விட்டுவிட்டு இறுகுகிறது என்று கொள்ளலாம். மூச்சை இழுக்கும்போது மட்டும் விலாவில் குத்துகிறது என்றால், நுரையீரலைப் போர்த்தியுள்ள சவ்வு அழன்றிருக்கலாம். விண்விண்ணென்று தெறிப்பது, சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் நாடித்துடிப்போடு சேர்ந்து எழும் வலி. அமுக்குகிறது என்பதை அலட்சியம் செய்யவே கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன். இத்தனையையும் நாம் 'தர்த்' என்ற ஒரே சொல்லில் போட்டு டாக்டரிடம் கொடுத்துவிடுகிறோம். ஹிந்தியிலும் இவற்றுக்குச் சொற்கள் இல்லாமலில்லை. பிசைவதற்கு 'மரோட்', குத்துவதற்குச் 'சுபன்', எரிவதற்கு 'ஜலன்', தெறிப்பதற்கு 'டீஸ்' என்று அவர்கள் வீட்டுப் பாட்டிமாரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேரம் பேசக் கற்ற நாம் இவற்றைக் கற்றுக்கொள்ளாமல் விட்டோம்.

உள்ளுறுப்புகளின் பெயர்களுக்கு வருவோம். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று தமிழில் ஓர் ஈரல் குடும்பம் உண்டு. மூன்றும் செய்யும் தொழில் வெவ்வேறு. ஆனாலும் பெயரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இப்பெயர்களை நினைத்துப் பார்க்கும்போது, கையால் தொட்டுப் பார்த்தவர்கள் வைத்த பெயர்களாகவே எனக்குத் தோன்றுகிறது. கெட்டியாகக் கனப்பது கல்; மெத்தென்று பொதுபொதுவென இருப்பது மண்; உள்ளே காற்றை வைத்துக்கொண்டு தண்ணீரில் மிதப்பது நுரை.

கல்லீரல் வலப்புறம் விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. வளர்ந்த மனிதனுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. உடம்பின் உள்ளே இதைவிடப் பெரிய உறுப்பு வேறில்லை. நாம் உண்ட உணவின் சாரத்தைக் குடலிலிருந்து ஏற்றி வரும் இரத்தம் நேரே இதனிடம்தான் வருகிறது. மிகுந்த சர்க்கரையைச் சேமித்து வைப்பதும், பட்டினி கிடக்கையில் அதை எடுத்துக் கொடுப்பதும், கொழுப்பைக் கரைக்கப் பித்தநீர் சுரப்பதும், மருந்தையும் மதுவையும் முறித்து வெளியேற்றுவதும் இதன் வேலை. நம் வீட்டுப் பெண்களைப் போல எல்லா வேலையையும் செய்துகொண்டு வாய் திறவாமல் இருப்பதால், இது கெட்டுப்போவது வெகுநாள் வரை வெளியே தெரிவதில்லை.

மண்ணீரல் இடப்புறம், இரைப்பைக்குப் பின்னால் உள்ளது. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாட்கள். கிழடு தட்டிய அணுக்களைப் பிரித்தெடுத்து அழிப்பது இதன் பொறுப்பு. மலேரியாவில் இது வீங்கும். ஹிந்தியில் இதைத் 'தில்லி' என்கிறார்கள். நம் எழுத்தில் எழுதினால் நாம் குடியிருக்கும் ஊரின் பெயரும் அதுவேயாகிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் பேத்தி.

நுரையீரலைப் பற்றித் தில்லிவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பின் வரும் புகைமூட்டம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறது. அதன் உள்ளே 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்து வைத்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 750 சதுர அடி ஆகும் என்பர். நான் சேமித்த பணம் முழுவதையும் போட்டு வாங்கிய வீடு அதைவிடச் சிறியது. அந்தப் பரப்பு முழுவதிலும் காற்றும் இரத்தமும் மெல்லிய திரையொன்றின் இரு பக்கமும் நின்று கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன.

இனி, இவையெல்லாம் அமைந்திருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். உடலின் நடுப்பகுதியை மாடி வைத்த வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே ஒரு தளம் இருக்கிறது. கவிழ்த்த குடைபோல் மேல்நோக்கி வளைந்த மெல்லிய தசை அது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றுக்கு மேலே கட்டிய விதானம் என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பேச்சில் இந்தச் சொல்லை ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. மூச்சை இழுக்கும்போது இது கீழே இறங்குகிறது. விடும்போது மேலே எழுகிறது. இது திடீரென்று சுண்டி இழுத்தால் விக்கல். மேலே நுரையீரல் இரண்டும், நடுவே சற்று இடப்புறமாகச் சாய்ந்து இருதயமும் இருக்கின்றன. கீழே வலப்புறம் கல்லீரல், இடப்புறம் இரைப்பை. இருதயம் இந்த விதானத்தின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர் கீழ் வீட்டில் குடியிருப்பது இரைப்பை. மாடியில் எழும் ஓசையைக் கீழ்வீட்டு ஓசை என்று மயங்குவதற்கு இந்த அண்டை அயல் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு.

அவரவர் இருதயம் ஏறக்குறைய அவரவர் மூடிய கைப்பிடியளவு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் என்று கணக்கு வருகிறது. ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. இரத்தம் வட்டமாகச் சுற்றி வருகிறது என்பதை 1628இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி எழுதி வெளியிட்டார். நமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிக் கடந்து போகிறது என்பதை அவரால் கண்ணால் காண முடியவில்லை. 1661இல் இத்தாலியரான மால்பீகி தவளையின் நுரையீரலில் நுண்குழல்களைப் பூதக்கண்ணாடியின் உதவியால் கண்டார். ஊருக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இந்த உறுப்பு தன் உள்ளறைகளில் நிறைந்திருக்கும் இரத்தத்தைக் கொண்டு வாழ்வதில்லை. தனக்கென்று இரண்டு சிறு நமனிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று அடைபட்டால் அதன் பங்கிலுள்ள தசை சாகத் தொடங்குகிறது. நம்மவர் இதனை மாரடைப்பு என்கிறார்கள். மேலே நெஞ்சைப் பற்றி நான் குறை கூறினேன். இந்தச் சொல்லைப் பொறுத்தவரையில் தமிழ் மிகப் பொருத்தமாகப் பேசியிருக்கிறது. அடைப்பே நோய்.

ஆனால் வலி எங்கே வருகிறது? நமக்கு வரும் எல்லாக் குழப்பத்துக்கும் இதுவே வேர். தோலில் ஓர் எறும்பு கடித்தால் கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தைத் தொடுகிறோம். தோலுக்கு நரம்புகள் ஏராளம். ஒவ்வோர் இடத்துக்கும் விலாசம் உண்டு. உள்ளுறுப்புகளுக்கு நரம்புகள் குறைவு. அவை தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஏதாவது ஒரு தோற்பகுதியின் நரம்புகளும் நுழைகின்றன. இரண்டு தெருக்களின் தபாலும் ஒரே பையில் வந்து சேருவது போலத்தான். வாழ்நாள் முழுதும் தோலிலிருந்தே செய்தி கேட்டுப் பழகிய மூளை, இந்தக் கடிதமும் அந்தத் தெருவிலிருந்தே வந்தது என்று முடிவு செய்துவிடுகிறது. ஆகவே நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே, உள்ளே ஒரு மொழிபெயர்ப்பு நடந்து முடிந்துவிடுகிறது, அதுவும் தவறாக!

குடல்வால் அழற்சியைப் பாருங்கள். குடல்வால் இருப்பது அடிவயிற்றின் வலப்புறம். நோய் தொடங்கும்போதோ வலி தொப்புளைச் சுற்றி வருகிறது. தொப்புளின் தோலுக்கும் குடல்வாலுக்கும் தண்டுவடத்தில் வாசல் ஒன்று. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று பையன் படுத்துக்கொள்கிறான். சில மணி நேரம் கழித்து அழற்சி வளர்ந்து வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்டதும், வலி தன் சரியான இடத்துக்கு, வலப்புறம் கீழே, நகர்ந்து வருகிறது. 'முதலில் எங்கே வலித்தது, பிறகு எங்கே போயிற்று' என்பதைச் சொல்லத் தெரிந்த தாய், டாக்டருக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடுகிறாள்.

பித்தப்பையில் கல் அடைத்தவருக்குச் சில வேளை வலத் தோள்பட்டையில் வலி. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்? கருவில் உதரவிதானம் முதலில் உருவாவது கழுத்தருகே. பிறகு அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கழுத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. வடக்கே வந்து குடியேறிவிட்டாலும் ரேஷன் கார்டை ஊரிலேயே வைத்திருந்தோமே, அதைப் போல! விதானத்தின் அடிப்பக்கம் உறுத்தினால், செய்தி பழைய விலாசத்துக்கே போய்ச் சேருகிறது. கழுத்தடியிலும் தோளிலும் வலி தெரிகிறது. ஹென்றி ஹெட் என்ற ஆங்கில மருத்துவர் 1890களில் எந்த உறுப்பின் நோய் எந்தத் தோற்பகுதியில் தெரிகிறது என்று வரைபடமே வரைந்தார். 1903இல் தம் சொந்தக் கையின் நரம்பொன்றைத் துண்டிக்கச் செய்து, உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்தவரும் அவரே.

இருதயத்தின் நரம்புகள் மார்பின் மேற்பகுதி, கையின் உட்புறம் இவற்றின் நரம்புகளோடு சேர்ந்து நுழைகின்றன. அதனால்தான் மாரடைப்பின் வலி நடுமார்பில் அமுக்கமாகவும், இடக்கையில் இறங்கியும், தாடையிலும், மேல்வயிற்றிலும் கூடத் தெரிகிறது. பெண்களுக்கும், முதியோருக்கும், சர்க்கரை நோயால் நரம்புகள் பழுதானவர்களுக்கும் சில வேளை வலியென்பதே தெளிவாக இராது. மூச்சுத் திணறல், குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதி இவற்றோடு நின்றுவிடும்.

1998ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது. கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து என் தாயார் எங்களோடு வந்திருந்தார். அப்போது வயது 71. இரவு இரண்டு அடை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "வாயு முட்டுகிறதடா, கொஞ்சம் பெருங்காயம் கரைத்துக் கொடு" என்றார். கரைக்கப் போன என் மனைவி பாதியில் திரும்பி வந்து, "இந்தக் குளிரில் அம்மாவுக்கு நெற்றி நனைந்திருக்கிறது, பெருங்காயம் வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள்" என்றாள். அவளுக்கு உடற்கூறு தெரியாது. ஜனவரி மாதத் தில்லியில் யாருக்கும் வியர்க்காது என்பது தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இராது. "தர்த் கஹாங் ஹை, மாதாஜி?" என்று கேட்டார். அம்மாவுக்கு அது புரிந்ததோ என்னவோ, "வாயும்மா, வாயு" என்றார். ஹிந்திக்காரருக்கு வாயு என்றால் வெறும் காற்று. நம் வயிற்று வாயுவை அவர்கள் 'கேஸ்' என்பார்கள். நான் விளக்கிச் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா வலக்கையை இறுக மூடி நடுமார்பில் வைத்து அழுத்திக் காட்டினார். டாக்டர் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். மாரடைப்புத்தான். இரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்து உடனே ஏற்றப்பட்டது.

விடியற்காலையில் அந்தப் பெண்ணிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். மார்பின் நடுவே கைப்பிடியை வைத்துக் காட்டுவதை, பாஸ்டன் நகரத்து இருதய நிபுணர் சாமுவேல் லெவின் என்பவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அது அவர் பெயராலேயே வழங்குகிறதாம். "வாயு என்று ஒரு விரலால் சுட்டியிருந்தாலும் ஈ.சி.ஜி. எடுத்திருப்பேன், ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் ஓடினேன்" என்றார். அம்மா அதன் பிறகு ஏழு ஆண்டுகள் இருந்தார். பெருங்காயத்தை விடவில்லை.

கை சொல்லும் அளவுக்காவது நாம் சொல்லக் கற்க வேண்டாமா? இதற்குத் தமிழில் சொல்லில்லை என்று யாரும் கையை விரிக்க வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். லண்டனில் 1858இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் அச்சேறியது. கையின் ஒவ்வோர் எலும்புக்கும் தமிழில் பெயர் தேடி உட்கார்ந்திருந்த அந்த மாணவர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எல்லாச் சொல்லும் நிலைக்கவில்லை, அதில் வியப்பில்லை. சிறுநீரகம் என்று நாம் இன்று சொல்வதைப் பழைய தமிழில் குண்டிக்காய் என்பார்கள். என் பேத்தி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில், அந்தச் சொல் ஏன் வழக்கொழிந்தது என்பது விளங்கிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலில் கணையம் என்பதை இலங்கைப் பாடநூல் சதையி என்கிறது. ஹிந்திப் பாடநூலோ அக்னியின் இருப்பிடம் என்ற பொருளில் 'அக்ன்யாசய்' என்கிறது. மூன்றில் எதைச் சொன்னாலும், சர்க்கரையை ஆளும் இன்சுலின் சுரப்பது அங்கேதான்.

இப்போது எங்கள் வீட்டு மருந்து அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பேத்தி ஒரு மனித உருவம் வரைந்து, ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறாள். பக்கத்தில் மூன்று வரிசைகள்: புத்தகத் தமிழ், ஹிந்தி, பாட்டிமார் சொல்வது. கீழே வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசர உதவிக்கு 112. நாமே வைத்தியம் செய்துகொள்வதற்காக அல்ல. அப்படிச் செய்பவர்கள் ஏற்கெனவே ஊரில் போதுமான பேர் இருக்கிறார்கள். கதவைத் திறந்தால் எது எங்கே, என்ன சொல்லில் கேட்க வேண்டும், என்ன சொல்லில் சொல்ல வேண்டும் என்று தெரிய வேண்டும், அவ்வளவே. குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் சில படியெடுத்துச் சென்றிருக்கின்றன. மூன்றாம் வரிசைக்குச் சொற்கள் அவர்களிடமிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. குறுக்கு பிடித்துக்கொண்டது, கெண்டைக்கால் இழுக்கிறது, நீர் கடுக்கிறது என்று வரிசை நீள்கிறது.

சென்ற வாரம் நாகர்கோவில் மாமி ஒருவர் வந்து படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்வோமே, அதை எங்கேம்மா போட்டிருக்கே?" என்று கேட்டார். பேத்தி பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அம்புக்குறி போட இடம் அகப்படவில்லை. உருவத்துக்கு வெளியே, ஓரத்தில் அதை எழுதி, அதன் கீழே "எப்போதிலிருந்து? வியர்க்கிறதா? மூச்சு எப்படி?" என்று மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள்.